நான் ஒரு லீஃப்ஸ் ஆள்

எங்கள் ஆட்களுக்குள் ஐஸ் ஹொக்கி பார்ப்பவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். கிரிக்கெட் பார்த்தால் கேள்வி இல்லை. ராப்டர்ஸ் கூடைப்பந்தாட்டம் பார்த்தால் பிள்ளைகளுக்காகப் பார்க்கிறான் என்று விட்டுவிடுவார்கள். ஹொக்கி, அதுவும் ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்றால், கலியாண வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்காருபவர் கட்டாயம் கேட்பார்: "உங்கட ஆக்கள் இந்த முறையும் தோத்திட்டினமாம், உண்மையோ?" ஏதோ நான்தான் கோலுக்கு முன்னால் நின்று கோட்டை விட்டவன் மாதிரி.

தோற்றது உண்மைதான். லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கப்பைத் தூக்கியது 1967 மே 2ஆம் திகதி. அன்றைக்கு லீக்கில் இருந்தவை ஆறே ஆறு அணிகள். இறுதிச் சுற்றில் மொன்றியலை மடக்கிய அந்த அணியில் கோலி, அதாவது கோல் காப்பவர், ஜோனி பவருக்கு 42 வயது, தடுப்பாட்டக்காரர் அலன் ஸ்டான்லிக்கு 41. கிழவர் கூட்டம் என்று கைகழுவப்பட்டவர்கள் வென்று காட்டினார்கள். இப்போது லீக்கில் 32 அணிகள். லீஃப்ஸின் கணக்கில் 13 கப்புகள் இருக்கின்றன. அத்தனையும் நான் பிறப்பதற்கு முந்தியவை. பெயர்ப்பலகை பெரிது, கடைக்குள் சாமான் இல்லை.

பிறகேன் இந்த அணி என்று கேட்டால், வந்து இறங்கிய ஊரின் அணி இதுதான் என்பதைத் தவிர என்னிடம் பெரிய விளக்கம் கிடையாது.

நான் ரொறொன்ரோவுக்கு வந்தது 1993 தொடக்கத்தில், நல்ல பனிக்காலத்தில். இரவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். எங்களில் பாதிப்பேர் அந்த வழியால்தான் இந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள். சமையலறைக் கதவில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதற்குள்ளால் எட்டிப் பார்த்தால் பாரில் தொங்கும் தொலைக்காட்சியின் மேல் பாதி மட்டும் தெரியும். கீழ்ப்பாதியைப் போத்தல்கள் மறைத்துவிடும். அதனால் முதல் சில வாரங்கள் நான் பார்த்ததெல்லாம் தலைக்கவசங்கள்தான். இவர்கள் எதைத் துரத்துகிறார்கள், ஏன் திடீரென்று ஒருவரை ஒருவர் சுவரோடு சேர்த்து நசுக்குகிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை.

விளக்கியவர் அங்கே சமைத்த போர்த்துக்கேயர். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே தரம். ஆகவே எங்களுக்குள் பிரச்சினை இருக்கவில்லை. ஒரு நாள் தன்னுடைய பையிலிருந்து, அவர்கள் துரத்தும் பக் ஒன்றை எடுத்து என் ஈரக் கையில் வைத்தார். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு, கல்லுப் போன்ற கறுப்பு இறப்பர். பனிக்கட்டியில் துள்ளாமல் வழுக்கிப் போவதற்காக ஆட்டத்துக்கு முன் இதை உறைய வைப்பார்களாம். விளிம்பில் சின்னச் சின்ன வரிகள் விரலில் தட்டுப்பட்டன. கோலியின் வேலை இதை நோக்கி முகத்தைக் கொடுப்பது என்று சொல்லிவிட்டு, வெங்காயம் வெட்டப் போய்விட்டார்.

அந்த மே மாதம் நகரத்துக்குப் பேய் பிடித்தது. லீஃப்ஸ் முதலில் டெட்ரொய்ட்டை ஏழு ஆட்டங்களில் வென்று, பிறகு சென் லூயிசையும் ஏழு ஆட்டங்களில் வென்று, லொஸ் ஏஞ்சலிஸ் அணியோடு மோதிக்கொண்டிருந்தது. அதையும் வென்றால் இறுதிச் சுற்று. அங்கே காத்திருந்தது மொன்றியல். கனடாவில் இதற்கு மேல் ஒரு பொருத்தம் கிடையாது. மே 27 இரவு ஆறாவது ஆட்டம். வென்டல் கிளார்க் மூன்று கோல் போட்டு 4-4 என்று சமப்படுத்தி, ஓவர்டைமுக்குக் கொண்டுபோனார். அங்கே வெய்ன் கிரெட்ஸ்கியின் ஸ்டிக் உயர்ந்து டக் கில்மரின் நாடியைக் கிழித்தது. இரத்தம். விதிப்படி கிரெட்ஸ்கி வெளியே போயிருக்க வேண்டும். நடுவர் கெரி ஃபிரேசர் காணவில்லை என்றார், துணை நடுவர்களும் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே கிரெட்ஸ்கி வெற்றிக் கோலைப் போட்டார். இரண்டு நாள் கழித்து, ரொறொன்ரோவில் ஏழாவது ஆட்டத்திலும் மூன்று கோல் போட்டுக் கதையை முடித்தார்.

மறுநாள் வேலைக்குப் போனபோது போர்த்துக்கேயர் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் நின்றார். அகப்பையின் காம்பைத் தன் நாடியில் வைத்து, "இங்கே, இங்கே" என்று எனக்குக் காட்டினார். உணவு கொண்டுவந்த டிரைவருக்குக் காட்டினார். மனேஜருக்கும் காட்டினார். அநியாயத்தைப் பற்றி எனக்கு அவர் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதில் நான் ஊரிலேயே பட்டம் பெற்று வந்தவன். ஆனால் ஒரு விளையாட்டு அநியாயத்துக்காக மனிதர்கள் இப்படி முழு மனதோடு கோபப்படலாம், கோபப்பட்டுவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்பது எனக்குப் புதிது. அந்தச் சுகத்துக்காகவே நான் லீஃப்ஸ் ஆள் ஆனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த வருடம் அணி நிருவாகம் மக்களின் செல்லப்பிள்ளை வென்டல் கிளார்க்கை கியூபெக்குக்குக் கொடுத்து, மட்ஸ் சன்டீன் என்ற சுவீடன்காரரை வாங்கியது. நகரம் கொதித்தது. போர்த்துக்கேயர் அவரை ஒரு வருடம் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தவர், குறைவாகப் பேசுபவர், ஆறடி ஐந்தங்குலம், நெஞ்சில் தள்ள வருபவனை ஒரு கையால் விலக்கிக்கொண்டு மறுகையால் பக்கைக் கொண்டுபோவார். 1997இலிருந்து 2008 வரை அவர்தான் கப்டன். 2006 ஒக்டோபரில் கல்கரி அணிக்கு எதிராக ஓவர்டைமில், தன் பக்கம் ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது அடித்த கோல் அவருடைய 500ஆவது கோல். அன்றைய ஆட்டத்தின் மூன்றாவது கோலும் அதுதான். அந்தக் காலத்தில் நான் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. வானொலியில் ஜோ போவனின் குரல் "ஹோலி மக்கினோ!" என்று உயர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுவோம். மேற்பார்வையாளரும் லீஃப்ஸ் ஆள் என்பதால் வேலை தப்பியது.

2004 சித்திரையில் லீஃப்ஸ் ஒட்டாவாவை ஏழாவது ஆட்டத்தில் வென்றது. ஜோ நியூவென்டைக் ஒரே பாதியில் இரண்டு கோல் போட்டார்... தவறு, ஹொக்கியில் பாதி கிடையாது. இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள், அதில் முதலாவது பகுதியில். பாதி என்று வாயில் வருவது ஊரில் உதைபந்து பார்த்த பழக்கம். யங் தெருவில் சனம் கார்களின் கூரைமேல் ஏறியது. அதற்குப் பிறகு லீஃப்ஸ் ஓர் ஏழாவது ஆட்டத்தையும் வெல்லவில்லை.

2013 மே 13ஐப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். ஒன்பது வருடம் கழித்து லீஃப்ஸ் பிளேஓஃப் சுற்றுக்குள் நுழைந்திருந்தது. எதிரணி பொஸ்டன். தொடரில் 3-1 என்று பின்தங்கி, பிறகு இரண்டு ஆட்டங்களை வென்று ஏழாவது ஆட்டத்துக்கு இழுத்துவிட்டார்கள். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் நான், மகள், அக்காவின் மகன், ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்த அம்மா. அம்மா மடியில் சுளகை வைத்துக்கொண்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மூன்றாவது பகுதியில் நஸெம் கட்ரி ஒரு கோல் போட, 4-1. பதினான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக மிச்சம். மருமகன் எழுந்து நின்று, "மாமா, முடிஞ்சுது!" என்றான். இந்த அணியை அறிந்தவர்கள் வாயில் வரவே கூடாத சொல் அது.

பொஸ்டன் ஒன்று போட்டது, 4-2. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வந்ததும் பொஸ்டன் தன் கோலி டூக்கா ராஸ்கை வெளியே எடுத்தது. தோற்கும் அணி செய்யும் சூதாட்டம் இது: கோலை வெறுமையாக விட்டுவிட்டு, அந்த இடத்துக்கு ஓர் அடிக்கும் ஆளைக் கூடுதலாக இறக்குவது. அம்மா முருங்கையிலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பிள்ளை ஏன் கோலை விட்டுட்டு ஓடுது?"

சொன்னேன்.

"அப்ப அங்கால ஆள் இல்லைத்தானே? அடிச்சுவிடுங்கோவன்ரா!"

பயிற்சியாளர் ரண்டி கார்லைலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் லீஃப்ஸ்காரர்களால் பக்கைத் தங்கள் பக்கத்திலிருந்து வெளியே எடுக்கவே முடியவில்லை. சுவரோரம் போனது, திரும்பி வந்தது. 82 விநாடி மிச்சம் இருக்க மிலான் லூசிச் போட்டார், 4-3. 51 விநாடி மிச்சம் இருக்க பத்ரிஸ் பேர்ஜரன் போட்டார், 4-4. ஆறடி ஒன்பதங்குல ஸ்டெனோ சாரா கோலுக்கு முன்னால் மதில்போல நின்றதால், எங்கள் கோலி ஜேம்ஸ் ரைமர் அந்தப் பக்கைக் கண்டிருக்கவே முடியாது. ஓவர்டைமில் அதே பேர்ஜரன் முடித்துவைத்தார். மருமகன் சொல்லாமல் கொள்ளாமல் படியேறிப் போனான். மகள் தலையணையை முகத்தில் வைத்திருந்தாள். அம்மா சுளகை எடுத்துக்கொண்டு, "உவங்களுக்கு வெளியில அடிக்கத் தெரியேல்லை" என்றார். மறுநாள் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியதும் அதைவிடக் கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்தத் தோல்வியைவிட எரிச்சல் தந்தது எதிர்ப்பக்கம் நின்ற கோலி. டூக்கா ராஸ்கை 2005இல் முதல் சுற்றில் தெரிவு செய்ததே லீஃப்ஸ்தான். ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல், அடுத்த வருடமே அவரைப் பொஸ்டனுக்குக் கொடுத்து அன்ட்ரூ ரேக்ராஃப்ட் என்ற கோலியை வாங்கினார்கள். ரேக்ராஃப்ட் இரண்டே வருடத்தில் போய்விட்டார். ராஸ்க் லீக்கின் சிறந்த கோலி என்ற பரிசை வாங்கினார். இது விதி அல்ல, சாபமும் அல்ல. யாரோ ஒருவர் மேசையில் இருந்து எடுத்த முடிவு. லீஃப்ஸைப் பற்றிச் சாபம், கிரகம், 1967இன் பேய் என்று பேசுபவர்களோடு நான் சண்டை பிடிப்பது இதற்காகத்தான். அந்தப் பேச்சு தவறு செய்தவர்களைக் காப்பாற்றிவிடுகிறது.

பிந்திய கதையும் அப்படித்தான். 2016இல் ஒஸ்டன் மத்யூஸ் வந்தார். முதல் ஆட்டத்திலேயே நாலு கோல். (அந்த ஆட்டத்திலும் லீஃப்ஸ் தோற்றது என்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.) மிச் மார்னர், வில்லியம் நைலன்டர், பிறகு 2018இல் ஜோன் டவாரஸ். ஆட்டம் பார்க்க ஆசையாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் 2005க்குப் பிறகு லீக்கில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. எவ்வளவு பணக்கார அணியாக இருந்தாலும் நினைத்தபடி அள்ளிக் கொடுக்க முடியாது. உச்சவரம்பு 81.5 மில்லியன் டொலராக இருந்த காலத்தில் இந்த நாலு முன்வரிசை ஆட்டக்காரருக்கு மட்டும் ஏறத்தாழ 40 மில்லியன். மிச்சப் பாதியில்தான் தடுப்பாட்டக்காரர், கோலி, மற்ற முன்வரிசை எல்லோரும். சித்திரை பிறந்து பிளேஓஃப் தொடங்கினால் நடுவர்களின் விசில் குறையும், இடைவெளி குறையும், அழகான ஆட்டத்துக்கு இடமில்லாமல் போகும். கோலுக்கு முன்னால் உடம்பைக் கொடுத்து நிற்பவன்தான் தேவைப்படுவான். அவனை வாங்கப் பணம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2017இலிருந்து 2025 வரை ஒரு வருடமும் விடாமல் பிளேஓஃப் சுற்றுக்குப் போனார்கள். வென்றது இரண்டே இரண்டு தொடர்: 2023இல் டம்பாவை, 2025இல் ஒட்டாவாவை. ஏழாவது ஆட்டங்களில் 2018, 2019, 2021, 2022, 2024, 2025 என்று எல்லாவற்றிலும் தோல்வி. மொன்றியலிடம் தோற்ற 2021இல் 3-1 என்று முன்னுக்கு நின்றவர்கள். மத்யூஸ் ஒரு பருவத்தில் 69 கோல் போட்ட 2024இலும் பொஸ்டன் முதற்சுற்றிலேயே அனுப்பிவைத்தது.

சிரித்த நாளும் ஒன்று உண்டு. 2020 பெப்ரவரி 22, சனிக்கிழமை. மருமகன் எங்கிருந்தோ இரண்டு டிக்கட் பிடித்துக்கொண்டு வந்தான், கூரைக்குக் கீழே கடைசி வரிசை. கரோலைனா அணியின் இரண்டு கோலிகளும் அடுத்தடுத்துக் காயம் பட்டு உள்ளே போனார்கள். அதில் ஒருவர், நம்பினால் நம்புங்கள், அதே ஜேம்ஸ் ரைமர். இப்படி நேர்ந்தால் யாருக்கும் உதவ ஓர் அவசரகாலக் கோலியை உள்ளூர் அணி அரங்கில் வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. வந்தவர் டேவிட் எயர்ஸ், 42 வயது, அம்மாவின் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தவர், ஐஸ் மைதானத்தை மெழுகும் சம்போனி வண்டி ஓட்டியவர். லீஃப்ஸ் பயிற்சியில் கோலி நின்ற ஆளும்கூட. முதல் இரண்டு அடியும் உள்ளே போயின. பிறகு எட்டு அடிகள், எட்டையும் பிடித்தார். கரோலைனா 6-3 என்று வென்றது. கடைசியில் எங்கள் சனமே அவருக்குக் கை தட்டியது. நானும் தட்டினேன். மருமகன் தட்டவில்லை, அவன் இன்னும் 2013இலேயே நின்றான்.

அந்த அரங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே எங்கள் வரிசைகளில் சத்தம் காது அடைக்கும். கீழே, கண்ணாடிக்குப் பக்கத்தில், கோட் சூட் போட்ட கம்பனிக்காரரின் ஆசனங்கள். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிப் பல நிமிடம் ஆகியும் அவை பாதி வெறுமையாகவே கிடக்கும். அவர்கள் உள்ளே விருந்து மண்டபத்தில் இருப்பார்கள். விற்றுத் தீர்ந்த ஆசனங்கள்தான், பணம் வந்துவிட்டது, ஆள் வந்தாலென்ன வராவிட்டாலென்ன. இது புதிதல்ல. 1972இலிருந்து 1990 வரை அணியின் உரிமையாளராக இருந்த ஹரல்ட் பலார்ட், மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போய்வந்தவர். அவர் காலத்தில் அணி எவ்வளவு கேவலமாக ஆடியபோதும் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம் நிரம்பத்தான் செய்தது. அந்தப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் இப்போது பலசரக்குக் கடை. முன்பு மைதானத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டியோடு போகிறவர்கள் அதன்மேல் ஏறிப் போகிறார்கள்.

ஹொக்கி யாருடையது என்ற கேள்வியும் அவ்வப்போது வரும். 2019 கார்த்திகையில் டொன் செரி என்ற பிரபல வர்ணனையாளர், வந்தேறிகள் போர்வீரர் நினைவுக்கான பொப்பிப் பூவைக் குத்துவதில்லை என்று தொலைக்காட்சியில் குறைபட்டு, இரண்டு நாளில் வேலையை இழந்தார். அதைப் பார்த்தபோது என் சட்டையில் பொப்பி இருந்தது. அதற்கு முதல் வருடங்களிலும் இருந்தது. ஆனாலும் எனக்கு அவரைப் பற்றிப் பேச விருப்பம் இல்லை. 2008இல் சனிக்கிழமை ஹொக்கி ஆட்டங்களைப் பஞ்சாபியிலும் வர்ணிக்கத் தொடங்கினார்கள். ஸ்காபரோவில் வளர்ந்த வெய்ன் சிமன்ட்ஸ் லீஃப்ஸுக்கு மூன்று பருவங்கள் ஆடினார். எங்கள் பகுதி ஐஸ் அரங்கில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றால், தோளில் தன்னைவிடப் பெரிய பையைச் சுமந்துகொண்டு வரும் தமிழ்ப் பிள்ளைகளையும், கோப்பிக் குவளையோடு பின்னால் வரும் தகப்பன்மாரையும் காணலாம்.

2025 மே 18. ஃபுளோரிடாவோடு ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கில். முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று தொடங்கிய தொடர் அது. 6-1 என்று தோற்றார்கள். மேலிருந்து ஜேர்சிகள் ஐஸ்மேல் வந்து விழுந்தன. நான் என்னுடையதைக் கழற்றி எறியவில்லை; அது சன்டீனின் 13ஆம் இலக்கம், அவர் என்ன பிழை செய்தார்? கோடையில் மார்னர் வேகஸுக்குப் போய்விட்டார். நாலு பேர் திட்டம் அத்தோடு முடிந்தது. எப்போதோ முடிந்திருக்க வேண்டியது.

ரொறொன்ரோவில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். லீஃப்ஸ் டிக்கட் விலையைப் பார்த்துத் திகைத்துப்போய் ஹொக்கியே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். எக்ஸிபிஷன் பிளேசில், ஏரிக்கரைப் பக்கம் உள்ள கொலிசியம் அரங்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். லீஃப்ஸின் இளைய அணியான மார்லிஸ் அங்கேதான் ஆடுகிறது. விலை குறைவு, ஆசனம் கிட்ட, பக் சுவரில் படும் சத்தம் நெஞ்சில் கேட்கும். 2018 ஆனியில் அவர்கள் டெக்சஸ் ஸ்டார்ஸ் அணியை 6-1 என்று வென்று கால்டர் கப்பை எடுத்தார்கள். அதுவும் ஏழாவது ஆட்டம்தான்.